பள்ளிக்கூட நாளில் மட்டும் வந்த மயக்கம்: பேட்டை ஆச்சி ஒருவரின் காலைப்பொழுது

வயது 68. பதினொரு வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து காலை ஒன்பது, ஒன்பதரை வாக்கில் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. உடம்பு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. இரண்டு தடவை கீழே விழுந்துவிட்டார். ஒரு தடவை இடது மணிக்கட்டு வீங்கி எக்ஸ்ரே வரை போனது.

நான் சமூகப் பணியாளராக இருக்கும் மருத்துவமனைக்கு அவரை அழைத்து வந்தபோது, வீட்டார் ஏற்கெனவே மூன்று இடம் ஏறி இறங்கியிருந்தார்கள். ஒரு இடத்தில் காது நரம்புக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை, ஹீமோகுளோபின் 10.2தான், ஆகவே அதுவும் பொய்யில்லை. மூன்றாவது இடத்தில் தலைக்கு ஸ்கேன். அதில் ஒன்றுமில்லை. ஈசிஜி சரியாக இருந்தது. படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று, பெரிய வித்தியாசம் இல்லை. சர்க்கரை எப்போது பார்த்தாலும் 160, 180. மயக்கம் தெளிந்து, புடவை மாற்றி, டவுன் பஸ் பிடித்து வந்து, டோக்கன் வாங்கி உட்காருவதற்குள் மணி பதினொன்றரை ஆகிவிடும். அதற்குள் நாலு இட்லி உள்ளே போயிருக்கும். அந்த நேரத்துச் சர்க்கரை ஒன்பது மணி மயக்கத்தைப் பற்றி என்ன சொல்லும்?

எங்கள் மருத்துவர் செய்த நல்ல காரியம், உடனே மருந்தை மாற்றாமல் மயக்கம் வந்த நாட்களை எழுதி வரச் சொன்னது. எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மயக்கம் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. சுதந்திர தினத்தன்றும் இல்லை. மே மாதம் முழுக்க ஆச்சி பிள்ளைகளோடு முக்கூடலில் இருந்தார், அப்போதும் இல்லை. வந்ததெல்லாம் பள்ளிக்கூடம் இருந்த நாட்களில்தான்.

இதில் சனிக்கிழமைதான் முக்கியம். மருமகளுக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. மகன் ஞாயிறு தவிர எல்லா நாளும் வண்டி எடுக்கிறார். ஆக, வீட்டில் பெரியவர்கள் இல்லாததால், அதாவது வேலைப் பளுவால் மட்டும் வரும் மயக்கம் என்றால் சனிக்கிழமையும் வந்திருக்க வேண்டும். சனிக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் உள்ள ஒரே வித்தியாசம் பள்ளிக்கூடம். அதனால்தான் ஒரு பள்ளி நாள் காலையை அந்த வீட்டில் இருந்து பார்க்க அனுமதி கேட்டேன். வீட்டார் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் ஆட்களும்

திருநெல்வேலி பேட்டையில் ஒரு வளவு, அதாவது ஒரே வாசலுக்குள் பல வீடுகள். ஆறு குடும்பத்துக்கு இரண்டு குளியலறை. ஆச்சியின் வீடு உள்ளே கடைசி: ஒரு பட்டாசல் (கூடம்), ஒரு அறை, அடுக்களை. மகன் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி நயினார்குளம் காய்கறிச் சந்தையில் சரக்கு ஏற்றி, கடை கடையாக இறக்கிவிட்டு ஒன்பதேகாலுக்குத்தான் திரும்புவார். மருமகளுக்கு ஜூன் முதல் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி பஸ் 6.20-க்கு மெயின் ரோட்டில் நிற்கும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் போய்விடும். பேத்தி பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். பேரன் பக்கத்துத் தெருவில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

ஆச்சிக்குப் பூர்வீகம் முக்கூடல் பக்கம். நாற்பது வருடம் பீடி சுற்றியவர். தாத்தா காலமான பிறகு, மூன்று வருடமாக மகனோடு இருக்கிறார். அதுவரை மருமகள் வீட்டில் இருந்ததால் காலையில் இரண்டு கை. ஜூனிலிருந்து 6.20-க்கு மேல் ஒன்பதேகால் வரை அந்த வீட்டில் பெரிய ஆள் ஆச்சி ஒருவர்தான்.

இன்னொரு மாற்றமும் அதே சமயத்தில் நடந்திருக்கிறது. மே கடைசியில் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.6 சதவீதம் வந்ததால், கிளிமிப்பிரைடு என்ற சர்க்கரை மாத்திரை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆகியிருந்தது. இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் பழையபடிதான். இந்த இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. மருமகளுக்கு வேலை கிடைத்ததை மருத்துவச் சீட்டில் எழுத இடம் ஏது?

அந்தக் காலை

நான் ஐந்து மணிக்குப் போனபோது ஆச்சி எழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் முறை. குடங்கள் நிறைந்து வரிசையாக இருந்தன. மருமகள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையில் பேச்சே இல்லை, அது கோபமும் இல்லை. ஒருவர் நகர்ந்த இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பது போன்ற பழக்கம்.

ஐந்து இருபதுக்கு ஆச்சி பட்டாசலுக்கு வந்தார். சுவரில் தினசரிக் காலண்டர். முந்தின நாள் தாளைக் கிழித்தார், புதுத் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து ராகு காலம் பார்த்தார். அதே ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார், ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டார், சீனி போடாத காப்பியைக் குடித்தார். தாளைக் கிழிப்பதிலிருந்து காப்பி டம்ளரைக் கீழே வைப்பது வரை ஒரே வேலை. நடுவில் யோசனையே இல்லை. ஒருநாள்கூட மாத்திரையை மறந்ததில்லை என்று மகன் பெருமையாகச் சொல்லியிருந்தார். உண்மைதான்.

6.15-க்கு மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தை, அவனுக்கு இங்க ஊட்டாதிய, ஸ்கூல்ல சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஆச்சி "சரி, சரி" என்றார். அந்த "சரி" எதற்கும் கட்டுப்படாத சரி என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

ஆறரைக்குப் பேத்தி எழுந்து குளிக்க வரிசையில் நின்றாள். ஏழுக்கு அவளுக்கு இட்லி. சாப்பிட்டு முடித்ததும் சடை. பள்ளியில் இரட்டைச் சடை, ரிப்பன் கட்டாயம். ஆச்சி சுவரில் சாய்ந்து உட்கார, அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இந்தப் பத்து நிமிடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை ஊமையாக இருந்த பிள்ளை வாய் ஓயாமல் பேசினாள். யாரோடு யார் பேசுவதில்லை, எந்த டீச்சர் விடைத்தாளைத் தூக்கி எறிந்தார், கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் நின்றுவிட்டால் பிரேயருக்குப் பிந்துவது, பஸ்ஸில் இடித்துக்கொண்டே நிற்கும் ஒரு ஆள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் ஆச்சியின் கை நின்றது. "எந்த பஸ்ஸுட்டி?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே மகனிடம் சொல்லி, மறுநாளிலிருந்து அதே தெருவில் இருந்து போகும் இரண்டு பெண்களோடு சேர்த்து வேறு பஸ்ஸில் அனுப்ப ஏற்பாடு ஆனது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைக் காட்டிக்கொண்டு சொல்ல முடிகிறது போலும். அம்மாவுக்கு இது தெரியாது. அம்மா வருவது மாலை ஐந்துக்கு, அப்போது சடை பின்னுவதில்லை.

ஏழே முக்காலுக்கு அவள் போனாள். அப்புறம் பேரன். எட்டு வயதுப் பையனுக்கு ஆச்சி ஊட்டிவிடுகிறார். மூன்றாம் வகுப்பு படிக்கிறவனுக்கு ஊட்டுவதா என்று என்னைப் போன்றவர்கள் வாயெடுப்பது சுலபம். ஒரு வாய், பிறகு ஷூவில் ஒரு கால். ஒரு வாய், பிறகு காணாமல் போன அழிரப்பரைத் தேடுவது. "எய்யா, இந்த ஒரு வாய்தான். இதுதான் கடைசி." அந்தக் கடைசி வாய் ஏழெட்டுத் தடவை வந்தது. தட்டில் மிச்சமிருந்த முக்கால் இட்லியை ஆச்சி மூடி வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, எட்டே காலுக்கு அவனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டார். உள்ளே காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வயிறு நிறைந்த பையன் நேராக விளையாடப் போய்விட்டான்.

எட்டே முக்காலுக்குத் திரும்பி வந்ததும் மருத்துவர் கொடுத்தனுப்பிய கருவியில் விரலைக் குத்திப் பார்த்தேன். 74. போனில் கேட்டதற்கு உடனே சாப்பிட வைக்கச் சொன்னார். ஆச்சியோ, "இந்தா வாரேன் தாயி, இந்த ஏனத்த மட்டும் கழுவிப் போட்டுட்டு" என்று அடுக்களையில் நின்றார். "அவன் வந்துரட்டும். குளிக்கல, விளக்கேத்தல, அதுக்குள்ள என்ன சாப்பாடு?" நான் வற்புறுத்திக்கொண்டே இருக்கும்போது ஒன்பது பத்துக்கு நெற்றியில் வேர்வை துளிர்த்தது. சுவரைப் பிடித்தார். 56. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 88. நடுக்கம் நின்றது. அதன் பிறகுதான் அன்றைய முதல் இட்லி.

விப்பிள் என்ற அறுவை மருத்துவர் பெயரில் ஒரு பழைய விதி உண்டு. சர்க்கரை குறைந்ததற்கான அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அளந்தால் குறைவாக இருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்தால் அறிகுறி மறைய வேண்டும். மூன்றும் அந்த அடுக்களையிலேயே நடந்துவிட்டது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்பது கணக்கு. ஸ்கேனில் தெரியாதது ஏன் தெரியவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

ஆச்சி சொன்னது

தெளிந்த பிறகு உட்கார்ந்து பேசினோம். முதலில் ஒரு ரகசியம் வெளிவந்தது. பேரனை விட்டுவிட்டு வரும்போது ஒருநாள் ரேஷன் கடைப் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். எதிர் டீக்கடைக்காரர் சீனி போட்ட டீ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அதை வீட்டில் சொல்லவேயில்லை. "சீனிக்காரி சீனி டீ குடிச்சேன்னு தெரிஞ்சா மருமவ என்னயப் போட்டு உலுக்கிருவா." நோயைக் கண்டுபிடிக்கப் போதுமான தடயம் அந்த ஒரு டீயில் இருந்தது. குற்றமாக நினைத்து மறைத்துவிட்டார். சர்க்கரை நோயாளிக்குச் சீனி விஷம் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, எப்போது அது மருந்து என்பதை யாருமே சொல்லாமல் விட்டுவிட்டோம்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "சாப்பிடுததுக்கு முன்னாடி போடணும்னு சொன்னாவ. நான் சாப்பிடுததுக்கு முன்னாடிதான போடுதேன்?" சரிதானே. ஐந்து இருபதுக்குப் போட்டது ஒன்பதரைச் சாப்பாட்டுக்கு முன்னால்தான். நாலு மணி நேரம் முன்னால் என்பதுதான் வித்தியாசம். சீட்டு எழுதுகிறவர் மனதில் எட்டு மணிச் சிற்றுண்டி இருந்திருக்கும். இந்த வீட்டில் எட்டு மணிக்கு ஆச்சி மற்றவர்கள் சிற்றுண்டியில் இருக்கிறார்.

ஏன் அவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். தியாகம், பாசம் என்று ஏதாவது வரும் என்று நினைத்தால், அவர் பீடிக் கணக்கைச் சொன்னார். ராத்திரியே இலையை நனைத்து வைப்பது. விடியுமுன் சுளகை மடியில் வைத்து உட்காருவது. மகன் பள்ளிக்கூடம் போகிறவரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பீடியின் வாயை மடித்துக் கொடுப்பான். ஒரு நாளைக்கு ஆயிரம் என்பது கணக்கு. பதினொரு மணிக்குக் கடையில் கொண்டுபோய்ப் போட்டு, அவர்கள் கழித்தது போக மிச்சத்துக்குக் கணக்கு எழுதி வாங்கி, வீட்டுக்கு வந்தால்தான் சாப்பாடு. "வேல முடியாம வயித்துக்குப் போட்டா மந்தமாயிரும். கை ஓடாது. அப்பிடியே பழகிட்டு." அந்த நாளில் மாத்திரை இல்லை, அதனால் மயக்கமும் இல்லை. ஆச்சிக்கு இன்றைய ஆயிரம் பீடி, இரண்டு பிள்ளைகளை வாசல் தாண்ட வைப்பது. அது முடிந்தால்தான் வயிறு.

பேரனுக்கு வீட்டில் ஊட்டுவது வேறு கதை. பள்ளியிலேயே காலை உணவு கொடுக்கிறார்களே என்றதும் முகம் மாறியது. ஆச்சி அறுபதுகளில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவில் வளர்ந்த தலைமுறை. "அந்தச் சோத்துக்காவத்தான் போனோம். தட்டத் தூக்கிட்டு வரிசையில நிப்போம். வீட்டுல உள்ளவுக பிள்ளைய வீட்டுக்குப் போயித் தின்னுட்டு வரும், எங்களப் பாத்துக்கிட்டே போவும்." அதன் பிறகு 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தது, அவர் மகன் அதைச் சாப்பிட்டான். "ரெண்டு தலமுறை தின்னாச்சு. எம்பேரனும் வரிசையில நிக்கணுமா? வீட்டுல அரிசி இல்லியா, உளுந்து இல்லியா?"

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. வேலைக்கு ஓடும் வீடுகளின் காலைச் சுமையையும் அது இறக்கி வைக்கிறது. ஆனால் இந்த வீட்டில் அந்தச் சுமையை இறக்க ஆச்சி விடவில்லை. அவர் கண்ணில் அது உணவு இல்லை, வரிசை. பசித்த பிள்ளை யார், பசிக்காத பிள்ளை யார் என்று ஊருக்குக் காட்டும் வரிசை. அவர் காலத்தில் அப்படித்தான் இருந்தது. மருமகளுக்கு அது வெறும் உப்புமா, அதனால் தினமும் சொல்லிவிட்டு ஓடுகிறார். ஆச்சியும் தினமும் "சரி" என்கிறார்.

மாமியார் கேட்பதில்லை, மருமகள் மதிப்பதில்லை என்று ஆளுக்கொரு குறை என்னிடம் வந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டேன், எழுதும் அளவுக்கு அதில் விஷயமில்லை.

எங்கே இடிக்கிறது

கிளிமிப்பிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது. அதனால்தான் அதை முதல் வேளை உணவோடு, அல்லது அதற்குச் சற்று முன் போடச் சொல்கிறார்கள். மெட்ஃபார்மின் அப்படியில்லை, தனியாக அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். முன்பு ஒரு இடத்தில் மயக்கத்துக்காக மெட்ஃபார்மினைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள், பலனில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சனி, ஞாயிறு என்ன நடக்கிறது? அதே ஐந்து இருபது, அதே மாத்திரை. ஆனால் வேன், பஸ், மணி எதுவும் இல்லை. பிள்ளைகள் ஏழரைக்கே "பசிக்கு ஆச்சி" என்று வந்துவிடுகிறார்கள், மூவரும் பட்டாசலில் வட்டமாக உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார்கள். குளிக்கவில்லையே என்று கேட்டேன். "பிள்ளைய கூப்பிடுதப்ப என்ன செய்ய?" லீவு நாளில் விதி தளர்கிறது. முக்கூடலிலும் அப்படித்தான். ஆக மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் லீவு நாளில் இரண்டேகால் மணி நேரம், பள்ளி நாளில் நாலு. பள்ளி நாளில் அதோடு பேரனின் பையைத் தூக்கிக்கொண்டு நடையும் வீட்டு வேலையும் சேர்கின்றன. மாத்திரை அளவு இரட்டிப்பானதும் இதுவும் ஒரே மாதத்தில் வந்து மோதியிருக்கின்றன.

மகனுக்கு இதைச் சொன்னபோது அவர் சொன்ன தீர்வு, "அப்போ அம்மாவ ஊர்ல கொண்டு விட்டுருதேன், நிம்மதியா இருக்கட்டும்." நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் மஞ்சள் பையும் ஆணியும் முக்கூடலுக்கும் போகும், தனியாக இருக்கும் வீட்டில் மயக்கம் வந்தால் சீனித் தண்ணி கொடுக்க ஆள் இருக்காது. மே மாதம் அங்கே நன்றாக இருந்ததற்குக் காரணம் ஊர் இல்லை, கூட இருந்த பிள்ளைகளும் அப்போதிருந்த பழைய மாத்திரை அளவும். மருமகளின் வேலை நிற்கும். சடை பின்னும் பத்து நிமிடமும் நிற்கும், அது நின்றால் அந்தப் பெண் பஸ்ஸில் நடப்பதை யாரிடம் சொல்வாள்? வேலையைக் குறைப்பது வேறு, ஆளை அப்புறப்படுத்துவது வேறு. முதியவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்ற பெயரில் இரண்டாவதைச் செய்யும் வீடுகள் நிறைய. ஆச்சி மகனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

மாற்றியவை

மருந்தை மருத்துவர் மாற்றினார். கிளிமிப்பிரைடு பழையபடி 1 மில்லிகிராம், முதல் வாய் இட்லியோடு. சிறுநீரகம் பார்த்தாயிற்று, கிரியாட்டினின் 1.1. இவருக்கு மூன்று மாதச் சராசரியை 7-க்குள் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று விரட்ட வேண்டாம், 8-ஐ ஒட்டி இருந்தால் போதும், விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் பெரிய ஆபத்து என்றார்.

மஞ்சள் பையை ஆணியிலிருந்து எடுத்து இட்லிச் சட்டி இருக்கும் தட்டில் வைத்தோம். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் ஆச்சியின் கை காலண்டர் தாளுக்குப் பிறகு தானாக அந்தப் பையைத் தேடும். முதல் வாரம் ஆணியைத் தடவிவிட்டுத் திரும்பினாராம். பேத்தி சொல்லிச் சிரித்தாள். இப்போது சட்டியைத் திறந்தால்தான் பை கண்ணில் படுகிறது.

ஏழு மணிக்குப் பேத்தியோடு உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுங்கள் என்றதும் பழைய தடை வந்தது: குளிக்காமல், விளக்கேற்றாமல் எப்படி? அதிகாலை குளியலறை மருமகளுக்கும் பேத்திக்கும் வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஐந்து மணிக்குக் குளித்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். நான் வாதாடவில்லை. அவரே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டார். "மாத்திரைக்காவ திங்கது சாப்பாட்டுல சேராதுல்லா? அது மருந்துல சேந்தது. முகத்தக் கழுவி, துன்னூறு பூசிட்டுத் தின்னா தப்பில்ல." மருந்துக்கு ஆசாரம் கிடையாது என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். ஆக ஏழு மணி இட்லி மருந்து. மகன் வந்த பிறகு, குளித்து விளக்கேற்றி, பத்து மணிக்கு உண்பது சாப்பாடு. மருத்துவருக்கு இரண்டும் சேர்த்து அளவு சரியாக இருந்தால் போதும். அளவைக் குறைத்து இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்.

பேரன் விஷயத்தில்தான் நேரம் பிடித்தது. பேசிப் பார்த்ததில் பயனில்லை. தலைமையாசிரியை அனுமதித்ததால் ஆச்சி ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தார். அன்றைக்குப் பொங்கலும் சாம்பாரும். எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள், டீச்சர் முதலில் ஒரு வாய் ருசி பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற பிள்ளை என்று தனியாக யாரும் அங்கே இல்லை. ஆச்சி சாம்பாரைக் கையில் வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, "காயம் கொஞ்சம் தூக்கல்" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். மறுநாளிலிருந்து பேரனுக்கு வீட்டில் ஒரு டம்ளர் பால் மட்டும். ஊட்டும் அரை மணி நேரம் மிச்சமானது. பையன் பள்ளியில் தன் கையால் சாப்பிடுகிறான். இது ஆச்சிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "எங்கிட்டதான் வாயத் தொறக்க மாட்டான், அங்கன நல்லாத் திங்கான்."

சீனியைப் பற்றிய பாடம் வளவு முழுமைக்கும் நடந்தது. வேர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சீனி தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும், தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-க்குப் போன். டீக்கடைக்காரருக்கும் ஆச்சியே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாத்திரை கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலருக்கும் மாறிய அளவைத் தெரியப்படுத்தினோம். 2021-இல் தொடங்கிய இந்தத் திட்டம் மட்டும் இல்லையென்றால் முழங்கால் வலிக்காரர் மாதாமாதம் மாத்திரைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

பிறகு

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை பேத்தியின் ரஃப் நோட்டில் ஒரே ஒரு பதிவு. அன்றைக்கு அவளுக்கு விளையாட்டுப் போட்டி, ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாள். ஏழு மணிக்குக் கூட உட்கார ஆள் இல்லை, ஆச்சி சாப்பிடவில்லை. மாத்திரையையும் போடவில்லை என்பதால் லேசான அசதியோடு போனது, அளந்ததில் 92. இட்லியையும் மாத்திரையையும் ஒன்றாகக் கட்டிவைத்ததன் பலன் அது. ஆனால் ஆள் இல்லையென்றால் தனக்கென்று தட்டு எடுத்து வைக்காத பழக்கம் அப்படியே இருக்கிறது. அது மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேத்தி சீக்கிரம் போகிற நாட்களில் அடுத்த வீட்டு அம்மா ஏழு மணிக்கு ஒரு குரல் கொடுப்பதாக ஏற்பாடு.

முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், செய்வதில்லை. பள்ளிக்கு நடந்து போய் வருவதே போதும் என்கிறார். மருமகளோடு சாம்பார்க் காயம் பற்றி மட்டும் இப்போது நிறையப் பேச்சு.

அடுத்து ஐப்பசி. ஆச்சி வருடா வருடம் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர். பகலில் பாலும் பழமும், ராத்திரி ஒரு வேளை. விரதம் கூடாது என்று சொன்னால் மறைத்து இருப்பார், டீயை மறைத்தது போல. அதனால் மருத்துவர் அந்த ஆறு நாளுக்கு மட்டும் தனிச் சீட்டு எழுதியிருக்கிறார்: கிளிமிப்பிரைடு கிடையாது, மெட்ஃபார்மின் இரவுச் சாப்பாட்டோடு மட்டும், காலையும் மாலையும் விரல் குத்திப் பார்க்க வேண்டும், 70-க்குக் கீழ் வந்தால் அன்றைய விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும். கடைசி நிபந்தனைக்கு மட்டும் ஆச்சி உடனே தலையாட்டவில்லை. "பாப்போம்" என்றார். ஏழாம் நாள் பழைய சீட்டுக்குத் திரும்பும்போது குழம்பாமல் இருக்க, ரத்தப் பரிசோதனையோடு மறுநாளே வரச் சொல்லியிருக்கிறோம். கூட வருவதாக மருமகள் லீவு சொல்லிவைத்திருக்கிறார்.